அணியத்தில் ஏழு மீற்றர்

குருநகர் நீக்கிலாப்பிள்ளை யாரையும் சும்மா சந்தேகிப்பவர் அல்லர். ஒருவரைச் சந்தேகிப்பதென்று தீர்மானித்தால் அதற்கென்று ஒரு மீற்றரைத் தேடிப் பிடித்து, தன் மோட்டார் சைக்கிளின் முன்பக்கத்தில் துளை போட்டுப் பூட்டிவிடுவார். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு புரட்டாதியில் அங்கே ஏழு மீற்றர்கள் இருந்தன. ஒன்று வண்டியோடு வந்தது. மற்ற ஆறையும் பூட்ட வைத்தது ஊர்.

ஆள் கடல்காரர். இருபத்தைந்து வருடம் படகில் எஞ்சின் பிடித்தவர். தொண்ணூறில் போரால் கடல் மூடப்பட்டதும் படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டு, ஓலையால் மூடிவிட்டுக் கருவாட்டு வியாபாரத்தில் இறங்கினார். கரையோரம் அகப்படுகிற சின்ன மீனைக் காயவைத்து, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்புப் பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கொண்டுபோய் விற்பது. இடது முழங்கால் மடங்காது என்பதால் சைக்கிள் மிதிக்க முடியாது. ஆகவே ஒரு பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள். மனைவி லூர்த்தம்மா, மகள் யசிந்தா, அவர் என்று மூன்று வயிறும் அந்த இரண்டு சில்லின் மேல்தான் இருந்தன.

வண்டி வாங்கிய மூன்றாம் கிழமை அவர் சந்தேகித்தது காற்றை. ஆனைக்கோட்டை வெளியில் அது வேண்டுமென்றே தன் மூஞ்சிக்கு நேரே வீசுகிறது என்றார். படகு ஓட்டைக்கு ஒட்ட வைத்திருந்த ஃபைபர் துணி கொஞ்சமும் பசை கொஞ்சமும் மிச்சம் இருந்தது. கவிழ்ந்து கிடந்த படகின் முன்மூக்கில் துணியை விரித்து, பசை பூசி, காயவிட்டு உரித்து எடுத்தார். படகின் மூக்கு அச்சொட்டாக வந்தது. அதை ஹொண்டாவின் விளக்குக்கு முன்னால் நான்கு ஆணியில் நிறுத்தினார். கடல்காரர் படகின் மூக்கை அணியம் என்பார்கள். ஊரும் அந்த வண்டியை அணியம் என்றே சொல்லத் தொடங்கிற்று. வெள்ளைக் கவசமும் அதன் பின்னே ஒரு மொட்டைத் தலையுமாக வரும்போது, கரைக்கு வழி தவறி ஏறிவிட்ட படகு ஒன்று தெருவால் போவதுபோல இருக்கும்.

அணியத்தின் உட்புறம் ஓட்டுகிறவரின் கண்ணுக்கு நேரே ஒரு பலகை அளவு வெறும் இடம் கிடந்தது. வெறும் இடத்தை விட்டுவைப்பது நீக்கிலாப்பிள்ளைக்கு ஒவ்வாது.

முதலில் அதில் ஏறியது சூடு மீற்றர். பொருளாதாரத் தடையால் பெற்றோல் கண்ணில் படாத காலம்; வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. ஊசிமருந்துக் குப்பியில் பத்திரப்படுத்திய நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு உதைத்து, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். மெக்கானிக் கிறிஸ்துநாயகம், "மண்ணெண்ணை எஞ்சினுக்கு ஒரு கெடுதியும் செய்யாது அண்ணை, மாதா அறிய" என்று சத்தியம் செய்தான். சத்தியம் செய்ததுதான் அவன் விட்ட பிழை. கேட்காமல் சத்தியம் பண்ணுகிற ஆளை நீக்கிலாப்பிள்ளை நம்புவதில்லை. செத்துப்போன கார் ஒன்றில் இருந்து சூடு மீற்றரைக் கழற்றி வந்து, அதன் செம்புக் கம்பியை ஒயிலுக்குள் இறக்கினார். முள் சிவப்பைத் தொடும்போதெல்லாம், எந்த ஊரில் நின்றாலும், "கிறிஸ்துநாயகம்!" என்று உறுமுவார். தோட்டக்காரர் அது வண்டியின் பெயர் என்று நினைத்திருந்தார்கள்.

அடுத்தது குழாய் மீற்றர். மண்ணெண்ணெய் பங்கிடும் கடை முத்துக்குமாருவுடையது. முத்துக்குமாரு நெற்றி நிறைய நீறு பூசுகிறவர். அளக்கும்போது கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பார். ஏன் மூடவேண்டும்? நீக்கிலாப்பிள்ளை ஆஸ்பத்திரிச் சேலைன் குழாய் ஒன்றை எண்ணெய்த் தாங்கியில் இருந்து அணியத்தின் இடப்பக்கமாக இழுத்து நிறுத்தினார். யசிந்தா நகப்பூச்சால் சிவப்புக் கோடுகள் போட்டுக் கொடுத்தாள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொஞ்ச நேரத்தில் அடியில் விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் வேறாகப் பிரிந்து நின்றது. சண்டைக்குப் போகவில்லை. அடுத்த பங்கீட்டு நாளில் வண்டியைக் கொண்டுபோய்க் கடை வாசலில், குழாய் வரிசைக்காரரைப் பார்க்கும்படி நிறுத்திவிட்டு, சாரத் தலைப்பால் அதை மெதுவாகத் துடைத்துக்கொண்டு நின்றார். அன்று முத்துக்குமாரு கண்ணை மூடவில்லை.

பற்றறிக்கு ஒரு மீற்றர். பற்றறி யாழ்ப்பாணத்துக்குள் வராத பொருள். இருப்பது செத்தால் வேறு இல்லை. மத்தியானம் அவர் படுத்து எழும்பும்போது பற்றறி கொஞ்சம் களைத்துப்போய் இருப்பதாக அவருக்கு ஒரு எண்ணம். வீட்டில் மின்சாரம் இல்லை, றேடியோ இருக்கிறது. லூர்த்தம்மாவும் இருக்கிறாள். மீற்றரைப் பூட்டியபின் முள் ஒவ்வொரு மத்தியானமும் ஒரு கோடு இறங்கியது. மனைவியிடம் ஒரு சொல் கேட்கவில்லை. சாப்பிடும்போது முள்ளைப்பற்றி மட்டும் கதைப்பார்.

மணிக்கூடு, வேதக்கோயில் சங்கிலித்தாம் அடைக்கலநாதனுக்காக. மணி அடிப்பது, மெழுகுதிரி கொளுத்துவது, பூசைச் சாமான் துடைப்பது எல்லாம் அவர் வேலை. பன்னிரண்டு மணியை அவர் நேரம் பார்த்து அடிக்கவில்லை, பசி பார்த்து அடிக்கிறார் என்பது நீக்கிலாப்பிள்ளையின் கட்சி. பெரிய வெள்ளிக்கு முந்திய நோன்பு நாட்களில் மணி இருபது நிமிஷம் முந்தி விழுவதை அணியத்து மணிக்கூடு காட்டிக் கொடுத்தது.

இனி மச்சான் சிமியோன். லூர்த்தம்மாவின் தம்பி. வெள்ளிக்கிழமைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு, கருவாடு விற்க வட்டுக்கோட்டைப் பக்கம் போவது அவன். போய் வந்தால் வண்டியின் மீற்றர் பதினாறு கட்டை, அதாவது பதினாறு மைல், காட்டும். ஒவ்வொரு வெள்ளியும் பதினாறு. ஒரு முறையாவது பதினாறரை இல்லை. ஒழுங்காக நடக்கிறவன் கணக்கு இவ்வளவு ஒழுங்காக இராது என்பது நீக்கிலாப்பிள்ளையின் நியாயம். மீற்றர் வயரைச் சில்லடியில் கழற்றிவிட்டால் முள் ஓடாது. இது குருநகரில் குழந்தைக்கும் தெரியும். ஆகவே இன்னொரு தூர மீற்றரை அணியத்தின் உள்மூலையில், தலையை விட்டுப் பார்த்தால் மட்டும் தெரிகிற இடத்தில் பூட்டி, பின்சில்லில் இருந்து வயர் இழுத்தார். அந்த வெள்ளி வெளி மீற்றர் பதினாறு. உள் மீற்றர் இருபது.

நாலு கட்டை. நாலு கட்டைக்குள் என்ன இருக்கலாம்? சிமியோனுக்கு நாற்பத்தாறு வயது, நல்ல மீசை. நீக்கிலாப்பிள்ளை கேட்கவில்லை. எட்டு வெள்ளிக்கு எட்டு நாலைச் சேர்த்து மனதுக்குள் வைத்துக்கொண்டார்.

ஏழாவது திசைகாட்டி. படகில் இருந்த அதே திசைகாட்டி. கடலில் அவர் வழி தவறியது கிடையாது. வட்டுக்கோட்டை ஒழுங்கைகளுக்குள் மூன்று முறை தவறினார். இரண்டு பக்கமும் தலைக்கு மேலே கிடுகு வேலி. எல்லா ஒழுங்கையும் ஒரே முகம். வழி கேட்டால் தோட்டக்காரர், "உதாலை போய் உங்காலை திரும்புங்கோ" என்பார்கள்; எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டார்கள். அவர்கள் தன்னை வேண்டுமென்றே சுற்றவிட்டு, கருவாட்டு மணம் தங்கள் வளவைவிட்டுத் தூரமாகப் போகும்படி பார்க்கிறார்கள் என்று இவருக்குச் சந்தேகம். இந்த ஒரு சந்தேகத்தில் உண்மை இருந்திருக்கலாம் என்று எனக்கும் படுகிறது.

வினை வந்ததும் அந்தத் திசைகாட்டியால்தான்.

புரட்டாதிக் கடைசி. மழைக்கு முன் விற்றுத் தீர்க்கவேண்டிய கருவாடு மூன்று கட்டுப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறார். சந்தியில் மறித்தார்கள் பெடியள், அப்போது ஊரைக் கையில் வைத்திருந்த இயக்கக்காரர். அணியத்தை வெளியே இருந்து பார்த்த காவல் நின்ற பெடியன் சிரித்தான். உள்ளே பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"ஐயா, இது என்ன?"

"சூடு பாக்கிறது."

"இது?"

"மண்ணெண்ணையிலை தண்ணி பாக்கிறது."

"இது?"

"நேரம்."

"கையிலையும் மணிக்கூடு கட்டியிருக்கிறியளே?"

"அதிலை எனக்கு முழு நம்பிக்கை இல்லைத் தம்பி."

பெடியன் குனிந்து தலையை உள்ளே விட்டான். "உள்ளுக்கை ஒண்டு ஒளிச்சு வைச்சிருக்கிறியள்!"

"ஒளிக்கேல்லை. அது என்ரை மச்சானுக்கு."

"மச்சான் உதுக்குள்ளையோ இருக்கிறார்?"

பின்னால் சைக்கிளில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெடியன் அவர்களைத் திரும்பிப் பார்த்தான், சிரிக்காதவர்கள் ஆனார்கள். பிறகு அவன் விரல் திசைகாட்டியில் வந்து நின்றது.

"உதை வைச்சுக்கொண்டு எங்கை போறியள்?"

"வட்டுக்கோட்டைக்கு."

"வட்டுக்கோட்டைக்குத் திசைகாட்டியோ? றோட்டிருக்கு. ஆக்களிருக்கு."

"ஆக்கள் இருக்கிறதாலைதான் தம்பி."

"சரி, உவ்வளவு சாமானும் என்னத்துக்கு? ஒரு சொல்லிலை சொல்லுங்கோ."

நீக்கிலாப்பிள்ளை பொய் சொல்லத் தெரியாதவர் அல்லர், கருவாடு விற்கிறவர். ஆனால் அந்த நேரம் வாயில் வந்தது உண்மை.

"எல்லாம் ஒரு சந்தேகத்துக்குத்தான்."

காவலரணுக்கு முன்னால் நின்று சொல்லக்கூடாத சொல் ஒன்று உண்டென்றால் அது அதுதான். வண்டி உள்ளே போயிற்று. கருவாட்டில் சந்தேகம் இல்லையென்று கட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் ஒரு லொறிக்காரரின் காலைப் பிடித்து மூன்று கட்டோடும் வீடு வந்து சேர்ந்தார்.

மூன்றாம் நாள் பெடியளின் பொறுப்பாளர் கூப்பிட்டனுப்பினார். கண்ணாடி போட்ட, மெல்லக் கதைக்கிற இளைஞர். கையில் ஒரு கொப்பி. சொன்னது இவ்வளவுதான்: வண்டியோடு வந்ததும் திசைகாட்டியும் போக, மற்ற ஐந்து மீற்றருக்கும் அது எதற்கென்று தெரிந்த ஊர் ஆள் ஒவ்வொருவர் வரவேண்டும். வந்து சொல்லி, வண்டியைக் கொடுக்கலாம் என்று கையெழுத்து வைக்கவேண்டும். இல்லாவிட்டால் வண்டி நிற்கும்.

ஒருவர் நல்லவர் என்று சொல்ல ஊரில் ஐந்து பேரைப் பிடிப்பது யாழ்ப்பாணத்தில் பெரிய காரியம் இல்லை. நீக்கிலாப்பிள்ளைக்கு வந்த சங்கடம் வேறு. எந்த மீற்றர் எதற்கென்று தெரியக்கூடிய ஆள் அந்தந்த மீற்றருக்கு ஒருவர்தான் இருந்தார். அவரே அந்த மீற்றரின் காரணம்.

வானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மூன்று கட்டுக் கருவாடு வீட்டுக்குள் கிடந்து மணத்தது. ஈரக்காற்றுப் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்தால் மாரி முழுவதும் அடுப்புக்கு வேலை இல்லை. அவர் ஒவ்வொரு வாசலாக ஏறினார். காரணம் சொல்லவில்லை. "வண்டியை எடுக்க ஒரு கையெழுத்து" என்றார், அவ்வளவுதான். ஊரிலே தங்களைப் பெரிய மனிதராக நினைத்துக் கேட்கிறார் என்று நால்வருக்கும் உள்ளூரப் பெருமையும் புளுகமும். லூர்த்தம்மா மட்டும் நம்பவில்லை.

"இஞ்சாருங்கோ, என்னை ஏன் கூப்பிடுறியள்? நான் உங்கடை பெண்சாதி. என்ரை சாட்சி எடுபடுமோ?"

"எடுபடும். நீ வா."

"என்னவோ சுத்துமாத்துக் கிடக்கு" என்றாள் லூர்த்தம்மா. ஆனாலும் நல்ல சேலை உடுத்தாள்.

விசாரணை ஒரு பெரிய வீட்டின் முன்மண்டபத்தில். அணியம் நடுவில் நிற்கிறது. ஐவரும் வாங்கில் வரிசையாக இருக்கிறார்கள்: எண்ணெய்ச் சட்டையோடு கிறிஸ்துநாயகம், வெள்ளை வேட்டியில் முத்துக்குமாரு, தோளில் துவாய் மடித்துப் போட்ட சங்கிலித்தாம் அடைக்கலநாதன், மீசை முறுக்கிய சிமியோன், ஓரத்தில் லூர்த்தம்மா. அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவர் இந்த ஐவரில் ஒருவர். தன் பங்கைக் கொஞ்சம் குறைத்தும் மற்றவர் பங்கைக் கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பார். அதற்கு ஏற்றபடி வாசிக்கவும்.

"முதல்லை இந்தச் சூடு மீற்றர். இதுக்கு ஆர்?" என்றார் பொறுப்பாளர்.

"கிறிஸ்துநாயகம்" என்றார் நீக்கிலாப்பிள்ளை.

மெக்கானிக் எழுந்தான். "ஓம், என்ரை வேலைதான் ஐயா. எஞ்சின் பாக்கிறது முழுக்க நான்."

"மீற்றர் ஏன் பூட்டினது?"

கிறிஸ்துநாயகம் நீக்கிலாப்பிள்ளையைப் பார்த்தான். அவர் அண்ணாந்து முகட்டைப் பார்த்தார்.

"உவன் சொல்லுறதிலை எனக்கு நம்பிக்கை இல்லாமல் பூட்டினது" என்றார்.

கிறிஸ்துநாயகத்தின் கழுத்து சிவந்தது. "அண்ணை, சனத்துக்கு முன்னாலை…"

"கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோ" என்றார் பொறுப்பாளர். "மீற்றர் என்ன காட்டினது?"

"சிவப்புத்தான்" என்றான் கிறிஸ்துநாயகம் கடைசியில். "மண்ணெண்ணையிலை ஓடினால் எஞ்சின் கெடும்தான் ஐயா. உண்மையைச் சொன்னால் ஆரும் வண்டி கொண்டு வராயினம்."

பொறுப்பாளர் கொப்பியில் எழுதினார். அந்தக் கணத்தில் வாங்கில் இருந்த மற்ற நால்வருக்கும் தாங்கள் எதற்காக அழைத்துவரப்பட்டிருக்கிறோம் என்பது வெளித்தது. முத்துக்குமாரு வேட்டியைச் சரிசெய்து எழும்பப் பார்த்தார்.

"இருங்கோ ஐயா. குழாய் உங்கடையோ?"

"என்ரை குழாய் இல்லைத் தம்பி. நான் மண்ணெண்ணை பங்கிடுற ஆள்."

"அப்ப உங்கடைதான்."

முத்துக்குமாரு நீண்ட விளக்கம் சொன்னார். பீப்பா கழுவுகிற பழக்கம் தனக்கு உண்டென்றும், கழுவினால் கொஞ்சம் தண்ணீர் தங்குமென்றும், சுத்தம் பாராட்டுகிறவர்களுக்கு இந்தக் காலத்தில் இதுதான் கைமாறு என்றும் சொன்னார். கிழமைக்கு எத்தனை தரம் கழுவுவது என்று பொறுப்பாளர் கேட்டார். முத்துக்குமாருவின் கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

அடைக்கலநாதன் முந்திக்கொண்டார். "மணிக்கூடு எனக்கெண்டால் நான் ஒத்துக்கொள்ளுறன். நோன்பு காலத்திலை கொஞ்சம் முந்திப் போகுது. எனக்கு வயித்திலை எரிவு. பங்குச் சுவாமிக்குத் தெரியும்." சுவாமிக்குத் தெரியுமா என்பதில் எனக்குச் சந்தேகம்.

லூர்த்தம்மா எழும்பவே இல்லை. இருந்தபடியே தொடங்கினாள்.

"பற்றறி மீற்றர் எனக்கோ? மூண்டு மாதமாச் சோத்துக்கு முன்னாலை இருந்து முள்ளு இறங்குது, முள்ளு இறங்குது எண்டு சொல்லேக்கை நான் மீன்முள்ளு எண்டெல்லோ நினைச்சன்! றேடியோ கேட்டனான்தான். அரை மணித்தியாலம். ஊர் உலகத்திலை என்ன நடக்குதெண்டு நான் அறியக்கூடாதோ? வாயைத் திறந்து கேட்டால் சொல்லமாட்டனோ? கலியாணம் கட்டி இருபத்தொரு வரியம்!"

பொறுப்பாளர் அதை எழுதாமல் விட்டார்.

மிஞ்சியது சிமியோன். மீசை தாழ்ந்திருந்தது.

"வெளியிலை பதினாறு, உள்ளை இருபது" என்றார் நீக்கிலாப்பிள்ளை. இப்போது அவர் குரலிலும் தெம்பு இல்லை. "எட்டு வெள்ளிக்கிழமை."

"அத்தான், உதை நீங்கள் வீட்டிலை கேட்டிருக்கலாம்."

"கேட்டால் நீ என்ன சொல்லியிருப்பாய்?"

"பொய்தான் சொல்லியிருப்பன்" என்று சிமியோன் ஒத்துக்கொண்டான். பிறகு பொறுப்பாளரைப் பார்த்தான்; சங்கிலித்தாமைப் பார்த்தான்; தரையைப் பார்த்தான். "நல்லூருக்குப் போறனான்."

"நல்லூரிலை ஆர்?" என்றாள் லூர்த்தம்மா, அக்கா குரலில்.

"முருகன்."

அடைக்கலநாதனின் தோளில் இருந்த துவாய் கீழே விழுந்தது.

"என்ரை மகன் வெளிநாட்டுக்கெண்டு போய் எட்டு மாதம். கடிதம் இல்லை" என்றான் சிமியோன். "அந்தோனியாருக்கு ஒவ்வொரு செவ்வாயும் திரி கொளுத்துறன். அவர் செய்வார். செய்யமாட்டார் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா ஒருத்தரை மட்டும் நம்பிக்கொண்டு எப்பிடி இருக்கிறது? வெள்ளிக்கிழமையிலை அங்கை ஒரு கற்பூரம். அவ்வளவுதான். கோயிலடிக்குத் தெரிஞ்சால் கதை வரும் எண்டு வயரைக் கழட்டினனான்."

யாரும் சிரிக்கவில்லை. மச்சான் ஒளித்த நாலு கட்டையைப் பற்றி எட்டுக் கிழமையாக என்னென்னவோ நினைத்திருந்த நீக்கிலாப்பிள்ளை, கைக்குட்டையை எடுத்து இல்லாத வியர்வையைத் துடைத்தார். சந்தேகத்தில் தன்னைவிடக் கெட்டிக்காரன் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறான் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

கடைசியில் திசைகாட்டி. அதற்குச் சாட்சி இல்லை. ஒழுங்கைக் கதையை அவரே சொன்னார். பொறுப்பாளர் வட்டுக்கோட்டைக்காரராம். "உதாலை போய் உங்காலை திரும்பச் சொல்லுறது எங்கடை ஊர்ப்பழக்கம்தான்" என்றார். எழுந்து வந்து வண்டியின் கைபிடியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். முள் அசையவில்லை.

"ஐயா, உது வடக்கைக் காட்டேல்லையே. எப்பவும் எஞ்சின் பக்கமெல்லோ காட்டுது. இரும்புக்குக் கிட்ட வைச்சால் இழுக்கும்."

"ஓம் தம்பி. எனக்கும் அதிலை ஒரு சந்தேகம் இருந்தது."

பொறுப்பாளர் கொப்பியை மூடினார். "ஒரு பிழையும் இல்லை. ஐஞ்சு பேரும் கையெழுத்து வையுங்கோ. வண்டியைக் கொண்டு போங்கோ."

பேனை வாங்கில் வைக்கப்பட்டது. ஒருவரும் எடுக்கவில்லை.

வெளியே முதல் இடி. நீக்கிலாப்பிள்ளை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பெடியள் விட்டுக்கொடுத்த வண்டியை ஊர் பிடித்து வைத்திருக்கிறது.

"என்ன, வைக்கிறியளில்லையோ? மழை வருது. கருவாடு கிடக்கு."

முத்துக்குமாரு தொண்டையைச் செருமினார். "கருவாடு வேறை, குழாய் வேறை. அந்தக் குழாய் என்ரை கடை வாசலிலை வந்து நிக்கிறதெண்டால் நான் ஒரு கையெழுத்தும் வைக்கமாட்டன்."

"சூடு மீற்றரும் கழட்டவேணும்" என்றான் கிறிஸ்துநாயகம்.

"மணிக்கூடு" என்றார் அடைக்கலநாதன்.

"முள்ளு" என்றாள் லூர்த்தம்மா.

சிமியோன் பேனையைத் தொடாமல் அணியத்தின் உள்மூலையைப் பார்த்தான்.

பொறுப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். "நான் கழட்டச் சொல்லேல்லையே!" என்றார். அவருடைய உத்தியோகத்தில் இப்படி ஒன்றை அவர் கண்டிருக்கமாட்டார்.

நீக்கிலாப்பிள்ளை அணியத்தைப் பார்த்தார். ஐந்தும் ஐந்து வருடத்துச் சொத்து இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் அவர் சரியென்பதற்கு ஆதாரம். மறுபக்கம் மூன்று கட்டுக் கருவாடு. "கழட்டு" என்றார் கிறிஸ்துநாயகத்திடம். அவன் சட்டைப்பையில் திருப்புளி இருந்தது. கையெழுத்து வைக்க வந்தவன் திருப்புளி ஏன் கொண்டுவந்தான் என்று நீக்கிலாப்பிள்ளை பிறகு பல நாள் யோசித்தார்.

கழற்றிய மீற்றர்களை ஒரு சாக்கில் போட்டு வைக்கலாம் என்று பொறுப்பாளர் சொன்னார். ஒருவருக்கும் சம்மதம் இல்லை. யார் வீட்டில் சாக்கு இருப்பது? ஆளுக்கு ஆள் தன் தன் மீற்றரைத் தானே வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்கள். வண்டியோடு வந்த மீற்றரும், யாருக்கும் தொல்லை தராத திசைகாட்டியும் மட்டும் தப்பின. ஐந்து கையெழுத்தும் விழுந்தன. மழைக்கு முன் கருவாடு வட்டுக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது.

இத்தோடு முடிந்தது என்று ஐவரும் நினைத்தார்கள். ஊர் ஒன்றை மறந்துவிட்டது. மீற்றர் இருந்த காலத்தில் நீக்கிலாப்பிள்ளை பார்த்தது முள்ளை, ஒருவரையும் வாய் திறந்து கேட்டதில்லை. இப்போது முள் இல்லை. பார்க்க மனிதர்கள்தான் மிச்சம்.

மண்ணெண்ணெய் வாங்கினால் கடை வாசலிலேயே வெள்ளைப் போத்தலில் ஊற்றி, வெயிலுக்குப் பிடித்து, வரிசையில் நிற்கிற எல்லாரிடமும் கருத்துக் கேட்டார். கட்டைக்கொரு தரம் இறங்கி எஞ்சினைத் தொட்டுப் பார்த்து, சுட்ட விரலைக் கொண்டுவந்து கிறிஸ்துநாயகத்துக்குக் காட்டினார். பதினொன்றே முக்காலுக்கு மணிக்கோபுரத்தின் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். லூர்த்தம்மாவிடம் மத்தியானச் செய்தியில் என்ன சொன்னார்கள் என்று அன்பாக விசாரித்தார்; அவள் சொல்லிவிட்டால், "அப்ப கேட்டனி" என்றார்.

சிமியோனின் பாடு எல்லாரையும்விட மோசம். வெள்ளிக்கிழமை வண்டியைக் கொண்டுவந்து விட்டதும் விசாரணை தொடங்கும். நல்லூருக்குப் போனதை இப்போது மறைக்கத் தேவையில்லை, அதுவே வினையாயிற்று. எந்த வழியால் போனாய்? எந்தச் சந்தியில் திரும்பினாய்? கற்பூரம் எங்கே வாங்கினாய்? கடைக்காரன் என்ன சொன்னான்? வரும்போது ஏன் அந்த ஒழுங்கை? பதில் சொல்ல ஒன்றரை மணித்தியாலம். சில நாள் லூர்த்தம்மாவும் பக்கத்தில் வந்து குந்துவாள்.

கார்த்திகை பிறந்த ஒரு சனிக்கிழமை காலை சிமியோன் வந்தான். மடியில் ஒரு துணிப்பொட்டலம். அவிழ்த்தான், உள் மீற்றர்.

"அத்தான், இதைத் திருப்பிப் பூட்டுங்கோ."

"ஏன்?"

"நான் சொன்னால் நீங்கள் நம்புறியள் இல்லை. மீற்றர் சொன்னால் நம்புவியள். ஒருக்காத் தலையை உள்ளை விட்டுப் பாத்தால் அலுவல் முடிஞ்சுது. நான் வீட்டை போய்ச் சாப்பிடலாம்." கொஞ்சம் பொறுத்து, "முத்துக்குமாரு ஐயாவும் குழாயைக் கொண்டுவாறன் எண்டவர். சங்கிலித்தாமும் வருவார் போலை கிடக்கு" என்றான்.

நீக்கிலாப்பிள்ளை மீற்றரை வாங்கினார். காதடியில் பிடித்துக் குலுக்கினார். கண்ணாடியின் விளிம்பை நகத்தால் சுரண்டினார். முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சிமியோன் பின்னாலேயே போனான்.

"நாப்பது நாள் உன்ரை வீட்டிலை கிடந்த சாமான்" என்றார் நீக்கிலாப்பிள்ளை. "உள்ளுக்கை நீ என்னத்தைத் திருகினியோ ஆருக்குத் தெரியும்?"

"ஐயோ அத்தான்!"

"பூட்டுவம், பூட்டுவம்" என்று மச்சானின் தோளைத் தட்டினார். "ஆனா உது சொல்லுறது சரியோ எண்டு பாக்க இன்னொண்டு வேணும். ஆரிட்டையும் பழைய கார் கிடக்கோ எண்டு விசாரி. என்னட்டைச் சொல்லாதை. கிறிஸ்துநாயகத்திட்டைச் சொல்லு. நான் அவனிட்டைக் கேட்டு, நீ என்ன சொன்னனி எண்டு பாக்கிறன்."